குன்றின்மேல் உபயக் கற்கள்

கடலும் ஆறும் தழுவிக் கிடக்கும் மலாக்கா நகரின்மேல் காலைக் கதிரவன் பொன்னொளி பரப்ப, காஜா பேராங் தெருக்களில் வாசல் தெளித்த நீர் உலராதிருக்க, நாடு விடுதலை பெற்று மூன்று திங்களே ஆகியிருந்த அந்நாளில், ஏகாம்பரச் செட்டியார் நெற்றி நிறைய நீறும் நெஞ்சு நிறையக் கவலையுமாய்ப் புறப்பட்டார் என்பதை, அன்புடையீர், முதற்கண் அறிவீராக. அவர் மகள் சிவகாமசுந்தரியைத் தம் மகனுக்குப் பேச மனைவியோடு வந்திருந்த பினாங்குச் சுப்புராமச் செட்டியாரோ, செல்லும் ஊரின் பழங்கோவில்களை எல்லாம் கண்டபின்னரே உறவு பேசும் கொள்கையினர். நம் கோவில்களை முந்தினநாளே தொழுதாயிற்று. எஞ்சியவை பறங்கியரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற கிறித்தவக் கோவில்கள். முப்பதாண்டு அவ்வூரில் வாழ்ந்தும் அவற்றின் படியை மிதித்தறியாத ஏகாம்பரனார், "ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்" என்று அளந்துவிட்டிருந்தார். வாய் செய்த வேலைக்கு இப்போது கால்கள் சுப்புராமனாரோடு குன்றேறின.

குன்றின் உச்சியில், கூரை இழந்து வானத்தையே கூரையாய்க் கொண்டு நின்றது நானூறாண்டுப் பழமையான கோவில். அதன் சுவரோரமெங்கும் ஆளுயரக் கற்கள், எழுத்தும் கேடயமும் செதுக்கப்பெற்று, வரிசையாய்ச் சாய்ந்திருந்தன.

"இவை யாவை?" என்றார் சுப்புராமனார்.

அறியேன் என்ற சொல் நாவரை வந்தது. பெண்ணைப் பெற்றவரின் மானம் அதை விழுங்கிற்று. ஒரு விளக்கு அளித்தாலும் ஒளி வெளிவராதபடி அதன்மேல் தம் பெயரெழுதும் குலத்திற் பிறந்தவருக்கு வேறென்ன தோன்றும்? "உபயக் கற்கள், அண்ணே. கொடையளித்தோர் பெயர்கள்."

சுப்புராமனார் ஒல்லாந்த எழுத்தின்மேல் விரலோட்டி, "ஆம், ஆம். இவர் மண்டபம் கட்டியவர். துணைவியார் விளக்கு அளித்திருக்கிறார்" என்று படித்தே காட்டினார். பின் இருவரும் ஒவ்வொரு கல்லையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மும்முறை வலம்வந்தனர்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த காவலர் தேவதாஸை அழைத்து, "என் பெயரும் என் மனைவி நாச்சியம்மை பெயரும் பொறித்த கல்லொன்று இங்கே நிற்கவேண்டும். நல்ல நாள் பார்த்துச் சொல்லும்" என்றார் சுப்புராமனார்.

தேவதாஸ் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "ஐயா, அந்த நாளைப் பார்ப்பவர் மேலே இருக்கிறார். இவை கல்லறைக் கற்கள். அம்மா நலந்தானே?"

மங்கலம் பேச வந்த இடத்தில் பிணக்கற்களை வலம்வந்தாயிற்று! ஏகாம்பரனாருக்கு உலகே இருண்டது. மகளின் வாழ்வு தம் நாவால் கெட்டதே என்று நெஞ்சு வெந்து, "அண்ணே, எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாதென்றால் எங்களைக் குறைவாய் எண்ணுவீர்களோ என்று அஞ்சிப் பொய்யுரைத்தேன். என் மகள் அப்படியல்லள். பழி என்னோடு போகட்டும்" என்றார்.

சுப்புராமனார் கல்லெழுத்தில் ஓட்டிய தம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "தாங்கள் சொன்னது ஒரு பொய். மண்டபமும் விளக்கும் என்னுடையவை" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அவள் பெயரைக் கல்லறையில் எழுதச் சொன்னேன் என்பது ஆச்சி காதுக்கு எட்டினால் நான் பினாங்கு திரும்ப இயலாது. இந்த இரகசியத்தை அயலாரிடம் நம்பி விடுவதெங்ஙனம்? சம்பந்தியிடந்தான் விடலாம்" என்றார்.

குன்றடியிற் கடலில் உடுத்த வேட்டியோடு மூழ்கித் தீட்டுக் கழித்து, நீர் சொட்டச்சொட்ட இருவரும் வீடு சேர்ந்தனர். நாச்சியம்மை ஆச்சி புருவம் உயர்த்தவும், "தீர்த்தமாடினோம்" என்றனர் ஒரே குரலில். அன்று மாலையே தாம்பூலம் மாறிற்று.

தெரியாது என்னும் ஒரு சொல்லை உரிய காலத்தே உரைத்திருந்தால், அவ்விருவரும் உலர்ந்த வேட்டியோடு திரும்பியிருப்பர். உறவினராய்த் திரும்பியிருப்பரோ என்பது ஐயமே.