குலாட் என்றால் காளான்

"ருசியா ஆக்கிப் போட்டாளே காளான் கறி, ராசா... ஒன் கொடல அரிச்சிருச்சே, ராசா..."

செத்தவனின் அக்காள் ஜெயமணி மாரில் அடித்துக்கொண்டு ராகம் இழுத்தாள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல். அவள் பாடப் பாட, துக்கத்துக்கு வந்தவர்களின் கண்ணெல்லாம் பவானேஸ்வரி மேல் திரும்பியது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஓடிகொலோன் நனைத்த துணியால் புருஷன் ஹரிதாஸின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாகவே உப்பிக் கிடந்த முகம். புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் கூட வேலை செய்தவர்கள், ஆள் பூசினாற்போல் ஆகிவிட்டான் என்று கேலி செய்வார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மலாய்க்கார டாக்டர் அவளிடம் சொன்னதில் ஒரே வார்த்தைதான் அவளுக்கு விளங்கியது. குடலில் குலாட். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு குலாட் என்றால் காளான். மழை விட்ட மறுநாள் ரப்பர் காட்டோரம் பொறுக்கி வந்து, மஞ்சள் போட்டு அவள்தானே வதக்கிக் கொடுத்தாள்!

"நானுந்தானே சாப்பிட்டேன் அண்ணி?" என்று போன வாரம் வார்டில் வைத்து நாத்தனாரிடம் கேட்டாள்.

"ஒனக்கென்னடி, எஸ்டேட்டு வயிறு. கல்லக் குடுத்தாலும் செரிக்கும்" என்றாள் ஜெயமணி. ஹரிதாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

முகம் துடைத்த துணியை அலச பவானேஸ்வரி பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். அங்கே முனுசாமி கை கழுவிக்கொண்டிருந்தார். அதே ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டர்; இதே தாமான் குடியிருப்பில் நாலு வீடு தள்ளி இருப்பவர்.

"ஏம் தங்கச்சி, காளான் காளான்னு என்னா பாட்டு அது?"

"டாக்டர் சொன்னாங்களேண்ணே, குலாட்னு."

"அட, இது அந்தக் குலாட் இல்லம்மா. ஈரச் செவத்துல பூக்குமே பூஞ்சணம், அது. அதயும் குலாட்னுதான் சொல்வாங்க. நல்ல ஒடம்ப அது ஒன்னும் பண்ணாதுலா. இவருக்கு எதிர்ப்புச் சக்தியே இல்ல, கொடல்ல எறங்கிருச்சி."

"ஏன் இல்லாமப் போச்சி?"

முனுசாமி விழித்தார். "ஒனக்குத் தெரியாதா? முட்டிவலிக்கி மூலிக மாத்திரன்னு ஜெயமணி விக்கிதே, அதுல ஸ்டீராய்டு கலந்திருக்காம்; அதுதான் எதிர்ப்புச் சக்திய அழிச்சி, மொகத்தயும் உப்ப வச்சிருக்கு. ரெண்டு வருசமா முழுங்கியிருக்காரு. டாக்டர் சொன்னத நாந்தான் தமிழ்ல எடுத்துச் சொன்னேன். அவருகிட்டயும் ஜெயமணிகிட்டயும். ரெண்டு வாரமாச்சி. ஒங்கிட்ட அவரே சொல்லிக்கிறேன்னாரு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு வாரம். போன வெள்ளிக்கிழமைதானே அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்! என் கையாலேயே உங்களுக்கு விஷம் வைத்துவிட்டேனே என்று அழுதாள். அவன் அவள் தலையைத் தடவினான். "விடு பவானி, தெரியாமத்தானே செஞ்ச. மன்னிச்சிட்டேன்" என்றான். எத்தனை பெரிய மனசு என்று அன்று இரவெல்லாம் அவனைக் கும்பிட்டாளே.

அடப்பாவி! எல்லாம் தெரிந்துகொண்டா மன்னித்தாய்? அக்காளைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. கட்டினவள் தலையில் பழியைப் போட்டுவிட்டு, அதையும் மன்னித்துவிட்டுப் போயிருக்கிறாய். காலையிலிருந்து அழுத அழுகையெல்லாம் வீணாய்ப் போனதாக அவளுக்குத் தோன்றியது.

"வாய்க்கரிசி போடலாம், வாங்க" என்று உள்ளே யாரோ கூப்பிட்டார்கள்.

பங்காளிகள் போட்டார்கள். ஜெயமணி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள்.

"பொண்டாட்டி வாம்மா."

பவானேஸ்வரி அரிசி அள்ளினாள். அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜெயமணியின் கையைப் பிடித்து இழுத்து, அதில் அரிசியைக் கொட்டினாள்.

"நீங்க போடுங்க அண்ணி. எங் கைச் சாப்பாடுதான் ஒத்துக்கலயே. மாத்திர குடுத்த கையாலயே போடுங்க."

ஜெயமணி முனுசாமியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"போடுங்க."

ஜெயமணியின் கை ஹரிதாஸின் வாய்வரைக்கும் போகவில்லை. விரலிடுக்கு வழியாக அரிசி அவன் வெள்ளைச் சட்டைமேல் உதிர்ந்துகொண்டிருந்தது.