உன்னைத் தள்ளினவன் யார்?

ராணுவ முகாமின் விசாரணை அறையில் இருந்தவர்கள்: கேப்டன், எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா, பைக் பயிற்சி தரும் சார்ஜென்ட், அவன் தங்கையைக் கட்டிய லாரி டிரைவர் சிப்பாய் நெட்டை. தங்கை வரவில்லை. கை மூன்று இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

சனிக்கிழமை அவளைப் பின்னால் வைத்து ஓட்டியவன் நெட்டை. வளைவில் பைக்கைக் கவிழ்த்தான். அவனுக்கு முட்டியில் சிராய்ப்போடு சரி. அதுதான் மச்சான் சார்ஜென்ட்டுக்குப் பொறுக்கவில்லை.

சிப்பாய் சொந்த பைக் ஓட்ட இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி முடித்து அட்டை வாங்க வேண்டும். அட்டை இல்லாமல் விபத்தென்றால் சிறை, பிறகு வேலைக்கும் முழுக்கு. நெட்டையிடம் அட்டை இருந்தது. கல்யாணமான புதிதில், பயிற்சி மைதானப் பக்கமே வராதவனுக்கு மச்சான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. உண்மையைச் சொன்னால் மச்சானும் மாட்டுவான். அந்த தைரியத்தில்தான் நெட்டை நிமிர்ந்து நின்றான்.

"பயிற்சிக்குப் போனியா?" என்றார் கேப்டன்.

"ரெண்டு நாளும் போனேன் சார்."

"முதல் மணி நேரம்?"

"என்ஜினைத் தொடவே விடல சார். ஒருத்தன் வண்டில உக்காரணும், ஜோடிக்காரன் பின்னாலேந்து தள்ளணும்." கேன்டீனில் காது புளிக்கக் கேட்ட கதை.

"உன்னைத் தள்ளினவன் யாரு?"

நெட்டை மனதுக்குள் பெயர்களைப் புரட்டினான். வேர்க்க விறுவிறுக்கத் தன்னைத் தள்ளியவனை எவனும் மறப்பதில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் அடுத்த நிமிடம் அவனை இங்கே கூப்பிடுவார்கள்.

"ஜோடிக்கு ஒரு ஆள் குறைஞ்சுது சார். மச்சான்தான்... சார்ஜென்ட்தான் தள்ளினாரு."

கேப்டன் திரும்பினார். "அப்படியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சார்ஜென்ட் நெட்டையின் முட்டியில் இருந்த கட்டுத் துணியையே பார்த்தான்.

"நான் யாரையும் தள்ளினதில்ல சார். இவன் வரவே இல்ல. பொய் அட்டை குடுத்தது நான்."

"மச்சான்! உங்க வேலையும் போயிடும்!"

"போகட்டும். நீ வெளிய திரியக் கூடாது. இன்னொரு தடவை மச்சான்னு சொன்னே, பல்லைப் பேத்துடுவேன்."

"சண்டையை வீட்டுல வெச்சுக்குங்க," என்றார் கேப்டன். "சார்ஜென்ட், கழுத்துல இருக்கற பயிற்சி விசிலைக் கழட்டி மேசைல வை. உன் விசாரணை நாளைக்கு. இவனை இப்பவே கொண்டு போங்க."

வாசலில் நின்ற காவலர்கள் இருவர் நெட்டையை முற்றத்தின் குறுக்கே நடத்திப் போனார்கள்.

"எம் பொண்டாட்டிய ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்," என்றான்.

"அவ அண்ணன் பாத்துப்பான், போ."

சிமெண்ட் கட்டில், ஒரு வாளி. அவன் உள்ளே கால் வைத்ததும் இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.