திருமலை கட்டிய ஒயர்

மணி ஒன்பதே கால். பதினோரு மணிக்குள் இந்த லேப்டாப்பில் நெட் வந்தாக வேண்டும். வராவிட்டால் கங்காவுக்கு அந்த வேலை இல்லை. வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. அதற்கான ஆன்லைன் பரீட்சை இன்றைக்கு. தவறவிட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. மொபைல் நெட் செல்லாது, ஒயர் வழியாக வரும் பிராட்பேண்ட்தான் வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார்கள், புண்ணியவான்கள்.

லேப்டாப் அவள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அதிலிருந்த விண்டோஸ் என்றைக்கோ செத்துப்போய் லினக்ஸ் மட்டும் உயிரோடு இருந்தது. வைஃபையும் போய்விட்டது. நேற்று சாயங்காலம் ஒயர் இழுத்து, நெட் பெட்டியும் மாட்டிக் கொடுத்த பிராட்பேண்ட்காரன் அந்தோணிராஜ், அதைத் தன் லேப்டாப்பில் செருகி நெட் பறப்பதைக் காட்டினான். அவளுடையதைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. விண்டோஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தருவேன், லினக்ஸ் நமக்கு ஆகாது என்று யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு நழுவினான். பின்னாலேயே பென்னலூர் முழுக்கக் கரண்டு போய், விடிந்துதான் வந்தது.

காலை ஏழு மணிக்குப் புருஷன் திருமலை வந்தான். ஒரகடத்தில் கார்களுக்கான ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் லைனில் வேலை. தை மாதம் செல்போன் கம்பெனி கங்காவின் கான்ட்ராக்டை முடித்து அனுப்பியதிலிருந்து அவனுக்கு டபுள் ஷிஃப்ட்தான். சாப்பிடும்போதே தூங்கி விழுகிறான். அவள் சம்பாதித்தால் அவன் ஒரு ஷிஃப்டோடு வீடு திரும்புவான். அதற்குத்தான் இத்தனை பாடும்.

வந்தவன் கண்ணில் ஜன்னலிலிருந்து தொங்கிய ஒயர் பட்டது. அவன் லைனில் தொங்குகிற ஒயர் ரிஜெக்ட். கை சும்மா இருக்குமா? பையிலிருந்து, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டைகளை எடுத்தான். ஒயரை விறைப்பாக இழுத்து, மூலைக்கு மூலை மடக்கி, ஜன்னல் கம்பியோடும் அலமாரிக் காலோடும் சேர்த்துப் பதினாறு கட்டு போட்டான். மிச்சத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருட்டி இறுக்கினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கங்காவுக்கே பெருமையாக இருந்தது. அவன் பாயில் விழுந்த மறுநிமிடம் குறட்டை.

ஒற்றை அறை வீடு. அவனை எழுப்பாமல் அவள் மல்லுக்கட்டினாள். சீட்டைப் பார்த்துப் பெயர், பாஸ்வேர்டு. சுற்றிச் சுற்றி, இணைக்க முடியவில்லை என்றது. போனில் தேடிப் பிடித்த கட்டளைகளைக் கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக அடித்தாள். முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். முடியவில்லை. பத்தேகால் ஆயிற்று. உள்ளங்கை வியர்த்து விசைகள் வழுக்கின. லினக்ஸைக் கண்டுபிடித்தவன் குடும்பத்தையே மனதுக்குள் வைதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அடித்தாள்.

பத்து நாற்பதுக்கு வாசலில் நின்று அந்தோணிராஜைப் போனில் கூப்பிட்டாள். அவன் மணிமங்கலத்தில் கம்பத்தின் மேல் இருந்தான்.

"எக்கா, பொட்டில சிவப்பு லைட்டு எரியுதா பாரு."

எரிந்தது. காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. புதுப் பெட்டி, அது அப்படித்தான் போலும் என்று விட்டிருந்தாள்.

"அப்ப லேப்டாப் மேல தப்பே இல்ல. லைன் உள்ளயே வர்ல. அது செம்புக் கம்பி இல்லக்கா, உள்ள கண்ணாடி இழ, மடக்கினா ஒடஞ்சிடும். யாராச்சும் மடக்கிக் கட்டிட்டாங்களா?"

கங்கா திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.  பிறகு அரிவாள்மனைப் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்தாள். ஒவ்வொரு கட்டாக அறுத்தாள். சுருளைப் பிரித்தாள். மடிந்த இடங்களை விரலால் நீவினாள், குழந்தையின் காலை நீவுவதுபோல. சிவப்பு அணையவில்லை. அலமாரிக் கால் மூலையில் ஒயர் துவண்டு கிடந்தது. உள்ளே கண்ணாடி முறிந்துவிட்டது. வந்து மாற்ற மத்தியானம் ரெண்டு மணியாகும் என்றான் அந்தோணிராஜ். போனில் மணி பதினொன்று ஆனதை அவள் நின்றபடியே பார்த்தாள்.

திருமலை எப்போது விழித்தான் என்று தெரியவில்லை. பாயில் உட்கார்ந்து, தரையில் சிதறிக் கிடந்த டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா கங்கா, ஒயர்ல எதுனா தப்பா?"

அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன. அந்தக் கண்ணைப் பார்த்து அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

"ஒயர்லாம் நல்லாத்தான் கீது மாமா. இந்த லினக்ஸுதான் சரியில்ல. ஒயர வேற பக்கம் மாத்தணும்னு அந்தோணி சொன்னான், அதான் அறுத்தேன்."

"பரீட்ச?"

"ஆறு மாசம் கழிச்சி எழுதிக்கலாம்."

 அவன் குனிந்து அறுந்த டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"அதுக்குப் போயி அழுவாத. அவன் ஒயர மாத்திட்டுப் போவட்டும். டபுள் ஷிஃப்ட்ட முடிச்சிட்டு வந்து, இதவிட டைட்டாக் கட்டித் தரேன்."

கங்கா தலையாட்டினாள்.