அக்கா வீட்டு விலாசம்

நெடுங்காட்டில் மண்வெட்டியே படாத வாய்க்காலைத் தூர்வாரிவிட்டதாகப் பலகை நட்டிருந்தார்கள். கொதித்துப்போன தெட்சிணாமூர்த்தி, தகவல் உரிமைச் சட்டப்படி மனு வாங்கும் அதிகாரி யாரென்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்து கண்டுபிடித்து, அந்த வேலையின் ஆவணங்களைக் கேட்டு மனுப் போட்டான். பகலெல்லாம் வயலில் கிடப்பவன். தபால் தவறிவிடக் கூடாதென்று திருநள்ளாற்றில் இருக்கும் அக்கா சொர்ணாம்பாள் வீட்டு விலாசத்தை எழுதினான்.

பதில் வரவில்லை. இரும்புக் குழாயோடு ஆட்கள் வந்தார்கள். கதவைப் பிளந்து, "எங்கடி உன் தம்பி?" என்று சொர்ணாம்பாளின் வலது கையை அடித்து முறித்தார்கள். குறுக்கே விழுந்த அவள் புருஷனுக்கு மண்டை உடைந்து கூடமெல்லாம் ரத்தம். "மனுவை வாபஸ் வாங்கச் சொல்லு!" என்று கத்திவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் தெட்சிணாமூர்த்தி அக்காவின் கட்டிலருகே வந்து நின்றான். அந்த விலாசத்தை அவன் மனுவைத் தவிர வேறெங்கும் எழுதியதில்லை.

"மன்னிச்சிடுக்கா. வாபஸ் வாங்கிடுறேன்."

"செருப்பு பிஞ்சிடும். என் விலாசத்தை அவனுங்களுக்கு எவன் குடுத்தான்னு கேட்டு இன்னொரு மனு எழுதுடா. அதுலயும் என் வீட்டு விலாசத்தையே போடு. அருவா பிடிக்க எனக்கு இடது கை போதும்."