ராஜாங்கம் நம்பிய லேகியம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைச் சூளை வைத்திருந்த ராஜாங்கத்துக்கு வெளிக்குப் போகும்போதெல்லாம் ரத்தம் போனது. மூலம்தான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். ஒரு பொம்மையில் விரிசல் விழுந்தால் பட்டறையையே கூட்டிவைத்துக் கத்துகிற மனுஷன், சொந்த உடம்பு ஒழுகுவதை மட்டும் வேட்டிக்குள் மறைத்தார். பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மாதமொருமுறை வந்து உட்காரும் வைத்தியரிடம் லேகியம் வாங்கி நக்கினார். அந்த வைத்தியர் யாரையும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தே மூலத்தைக் கண்டுபிடிக்கிற மகான்!

வேட்டி துவைப்பது மனைவி நீலாவதி. அவளிடம் எதை மறைப்பது? ஆள் வெளுத்து, இளைத்து, சூளைக்கு விறகு எடுத்துக் கொடுத்தாலே மூச்சு வாங்கினார். அவள் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டாக்டர் மதிவதனி, சின்ன வயசுப் பெண். "பின்வழியா கேமரா வச்ச குழாய விட்டு, பெருங்குடல் முழுக்கப் பாக்கணும். கொலோனோஸ்கோப்பின்னு பேரு" என்றார். ராஜாங்கம் விருட்டென்று வெளியே வந்துவிட்டார்.

"ஒரு பொட்டப்புள்ள எனக்குப் பின்னால குழாய வுடறதா? அப்புறம் ஊருல தல நிமிந்து நடக்க முடியுமா?"

"அவங்க பாக்கப் போறது உங்க தலய இல்லீங்க" என்றாள் நீலாவதி. "செத்துட்டா நாலு பேரு குளுப்பாட்டுவாங்க. அப்ப எங்க போவும் உங்க மானம்?"

கடைசியில் ஒத்துக்கொண்டார். பேதி மருந்தைக் குடித்துக் குடலைக் கழுவியது மட்டும்தான் அவர் பட்ட பாடு. ஊசி போட்டதும் தூங்கிப்போனவர், கண் விழித்து, "எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார். எல்லாம் முடிந்திருந்தது.

ரத்தம் மூலத்திலிருந்து வரவில்லை. பெருங்குடலில் கட்டி. கிள்ளியெடுத்த சதையைச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்துக் குடலை இணைத்தார்கள்.

"வேற எங்கயும் பரவல, நல்ல காலம்" என்றார் டாக்டர். "கூடப் பொறந்தவங்களயும் இந்தச் சோதனை பண்ணிக்கச் சொல்லுங்க."

ஊர் திரும்பிய ராஜாங்கம் டீக்கடையில் அளந்தார். குடலில் சின்ன முடிச்சாம். லேகியம் அதைச் சுருக்கிக் கொடுத்ததாம். குழாயைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்தக் கதை வேப்பூரில் பரோட்டாக் கடை நடத்தும் தம்பி பச்சமுத்து வரைக்கும் போனது. லேகிய டப்பாவும் கையுமாகப் பட்டறைக்கு வந்து நின்றான்.

"எனக்கும் ரத்தம் போவுதுண்ணே. இதயே சாப்புடட்டுமா?"

இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நீலாவதி பார்த்தாள். ராஜாங்கம் பொம்மைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "பத்தியத்த மட்டும் வுட்டுறாத" என்றார்.

அவ்வளவுதான். வேலையாட்கள் எல்லாரும் பார்க்க அவர் சட்டையை நெஞ்சுவரை தூக்கிவிட்டாள் நீலாவதி.

"இது லேகியம் போட்ட தையலா தம்பி? பின்னால குழாய வுட்டுப் பாத்ததாலதான் உங்க அண்ணன் உசுரோட நிக்கிறாரு. அதச் சொன்னா மீச உதுந்துடுமாம். அதுக்குக் கூடப் பொறந்தவனப் பாடையில ஏத்தப் பாக்குறாரு, பெரிய மனுசன்!"

ராஜாங்கம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சூளைக்குப் பின்னால் போய் நின்றார்.

மறுவாரமே பச்சமுத்துவுக்கும் சோதனை நடந்தது. குடலில் மரு மாதிரி ஒரு சதை வளர்ச்சி. விட்டால் பின்னாளில் புற்றாக மாறக்கூடியது. அந்தக் குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். அவன் கூச்சப்படவில்லை. பரோட்டா தட்டிக்கொண்டே, வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம் குழாய் போன வழியை விவரித்தான். சாப்பிடுகிறவர்கள்தான் நெளிந்தார்கள்.

ராஜாங்கம் பெண்டாட்டியிடம் வெகுநாள் பேசவில்லை. அதையும் ஒரு தண்டனை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நீலாவதி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாள்.