பச்சைக் கேக்கை யாரும் வெட்டவில்லை

சுவீடனில் ஜனவரி மாதத்துச் சூரியன் ஒன்பது மணிக்கு முன் எட்டிப் பார்க்காது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வளரும் இதயச் செல்களுக்கு ஆறு மணிக்கே பசி வந்துவிடும், ஞாயிறு என்றும் பார்க்காது. இரண்டு வருடமாக அந்தப் பசியை ஆற்றி வந்தவள் இல்வா. கண்ணாடித் தடுப்புக்குள் கையை நீட்டி, நூற்றிருபது தட்டுகளிலும் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஸ்பிரிட் நெடியில் மூக்கு எரியும், கட்டைவிரல் மரத்துவிடும்.

நடைக்கூடச் சுவரில் அவள் படமே சிரித்துக்கொண்டிருந்தது. 'உயிர் அறிவியலில் உங்கள் எதிர்காலம் இங்கே!' என்று பல்கலைக்கழகம் ஒட்டிய விளம்பரம். படத்தில் சிரித்தவளுக்கு இன்று, வெள்ளிக்கிழமை மாலையோடு ஒப்பந்த வேலை முடிகிறது. இன்னும் பதினேழு நாள் வைத்திருந்தால் சட்டப்படி நிரந்தரமாக்க வேண்டும். அந்தப் பதினேழு நாளைத்தான் கவனமாக வெட்டிவிட்டார்கள்.

மூன்று மணிக் காபிக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். அங்கே காபிக்கு வராதவன் சண்டைக்காரன். விடைபெறுகிறவருக்குப் மார்சிபன் என்கிற பச்சை நிறப் பாதாம் பசை போர்த்திய கேக் உண்டு, முதல் துண்டை அவர்தான் வெட்ட வேண்டும். பேராசிரியர் ஸ்டெல்லன் தானே அதை ஏந்தி வந்தார். ஆளை அனுப்பும் நாளில் மட்டும் அந்த மனிதரின் கை தாராளமாகும். அவரைப் பேர் சொல்லி, நீ என்றே எல்லாரும் கூப்பிடலாம். அந்த நாட்டுச் சமத்துவம் அத்தோடு சரி.

"ரொம்ப வருத்தமா இருக்கு இல்வா. என் கையில ஒண்ணுமில்ல."

"கேக் இருக்கே, ஸ்டெல்லன்."

யாரோ சிரிப்பை அடக்கக் காபியை விழுங்கினார்கள்.

"கோவப்படாத. விருந்தாளி ஆய்வாளரா வா. சாவி அட்டை தர்றேன், கட்டுரையில உன் பேரும் வரும்."

"சம்பளம்?"

"அனுபவம் கிடைக்குமே!"

வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்தச் சொல் அந்த வாயில் வந்திருக்காது. இல்வாவுக்கு அழுகை முட்டியது. இந்த ஆள் முன்னால் அழுவதாவது! கேக்கை வெட்டாமல், கத்தியைப் பக்கத்தில் இருந்த பெஹ்ரூஸிடம் தள்ளினாள். ஈரானிலிருந்து வந்தவன், அவன் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.

"எனக்கு வேண்டாம்" என்று அவன் குன்வோரிடம் தள்ளினான்.

குன்வோர் இருபது வருட நிரந்தர ஊழியர். கேக் என்றால் உயிரை விடுவாள்.

"எனக்கும் வேண்டாம். ஒரு வருஷத்துல இது ஆறாவது பச்சைக் கேக். திகட்டிப் போச்சு."

கத்தி மேசையைச் சுற்றி வந்து ஸ்டெல்லன் முன்னால் நின்றது.

"என்ன விளையாட்டு இது? சரி, நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் செல்லுக்கு யாரு சாப்பாடு போடுவா?"

"நீ போடு. கதவுல உன் பேருதான இருக்கு?" என்றாள் குன்வோர்.

"செல் வளர்க்கிற அந்தப் பெட்டிய எப்படித் திறக்கணும்னே எனக்கு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். பெரிய இதய நிபுணர்!

பெஹ்ரூஸ் எழுந்தான். "தொழிற்சங்க ஆபீஸ் நாலு மணி வரைக்கும் திறந்திருக்கும். வா இல்வா."

"நான் ஒருத்தி போய் என்ன ஆகப் போகுது?"

"ஒருத்தியா? திரும்பிப் பாரு."

ஸ்டெல்லனைத் தவிர மேசையைச் சுற்றி இருந்த பத்துப் பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தார்கள். குன்வோர் கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

வேலை மிஞ்சுமா என்று ஒருவருக்கும் தெரியாது. வெளியே பனி கொட்டியது, அதற்குள் இருட்டியும் விட்டது. நடைக்கூடத்தில் இல்வா நின்று, சுவரில் சிரித்த தன் படத்தைக் கிழியாமல் கழற்றிச் சுருட்டினாள்.

"இது எதுக்கு?" என்றான் பெஹ்ரூஸ்.

"எதிர்காலம் இங்கேன்னு அவங்களே எழுதியிருக்காங்க. சாட்சி வேணாமா?" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.