பம்ப்புக்குள் மிஞ்சியது

திருவக்கரை கோயில் வாசலில் கற்பூரம் வாங்கும்போதே தாண்டவராயன் மாமாவின் கை நடுங்கியது. அவர் மனைவி கெங்கம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்; தெருப் பழக்கத்தில் எனக்கு அக்கா. "இன்னும் தெளியலையா?" என்றாள். எட்டு மாதமாக அவர் குடிக்கவில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அக்காவின் ஒரு காணி உளுந்து நாசமாகிக் கிடக்கும்போது அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? அன்று பூச்சிமருந்தை அளந்து கலக்கிக் கொடுத்தவர் மாமா. அடித்தவன் நான். குடித்துவிட்டு அளவு தப்பிவிட்டார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. காளி முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தால்தான் அக்கா இனி அவரை வீட்டுக்குள் விடுவாள். நான் சாட்சி. நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், காளி என்னை ஒன்றும் செய்யமாட்டாள் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வாடகைக்கு மருந்து அடிப்பதுதான் என் பிழைப்பு. டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் பம்ப்பை 2012இல் விழுப்புரத்தில் வாங்கினேன். கடைக்காரர் இரண்டைக் காட்டினார். "இது டயாபிரம் பம்ப். தண்ணி இல்லாம கொஞ்ச நேரம் ஓடினாலும் தாங்கும். அது பிஸ்டன். ஃபோர்ஸு ஜாஸ்தி. ஆனா காஞ்சி ஓடிச்சின்னா வாஷர்லாம் கருகிப்பூடும்" என்றார். தென்னை உச்சிவரை பீய்ச்சும் என்றதும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு பிஸ்டனையே தூக்கி வந்தேன். தினமும் ஆயில் பார்ப்பேன், ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவேன். பெற்ற பிள்ளையின் மூக்கைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை என்று என் மனைவி பிரபாவதி திட்டுவாள்.

அடுத்த மாசியில் ஒருநாள் காலை ஓமந்தூர்ப் பக்கம் கரும்புக்குக் களைக்கொல்லி அடித்தேன். அடித்து முடித்ததும் டேங்க், பம்ப், ஓஸ் எல்லாவற்றிலும் மூன்று முறை நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவ வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த வருஷம் கரெண்ட் இருந்த நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். மோட்டார் ஓடாத கொல்லையில் தண்ணீருக்கு எங்கே போவது? ஒரு குடம் தண்ணீரில் டேங்கை மட்டும் அலசித் திறந்துவிட்டேன். அந்தக் கொஞ்சத் தண்ணீரில் பம்ப்பை ஓட்டினால் காய்ந்துபோய் வாஷர் போய்விடும். பம்ப்பை ஓட்டவில்லை.

அங்கிருந்து நேராக அக்காவின் உளுந்துக் கொல்லைக்குப் போனேன். வரப்பில் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர். ஏரிக்கரைக் கைபம்ப்பிலிருந்து விடியற்காலை முதல் தலையில் சுமந்து ஊற்றி வைத்திருந்தாள். வயசெல்லாம் அடுத்தவன் கொல்லையில் களை வெட்டியவள் முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்த நிலம் அது. "போதுமா ஆரோக்கியம்?" என்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பம்ப்பைக் கழுவவே ஒரு டிரம் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? "போதும்க்கா" என்றேன். உள்ளே மிஞ்சியிருப்பது என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று நினைத்தேன். மாமா மருந்தை மூடியால் எண்ணி எண்ணி ஊற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சரியாகத்தான் ஊற்றினார்.

நாலாம் நாள் செடியெல்லாம் முறுக்கிக்கொண்டது. பூச்சிமருந்து அதிகமானால் இலை கருகும், தண்டு இப்படி முறுக்காது. அது களைக்கொல்லி செய்த வேலை என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் அப்புறம் என் வண்டியை எவன் கொல்லையில் விடுவான்? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அன்று சாயங்காலமே மாமா குடித்திருந்தார் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

காளி முன்னால் அக்கா கற்பூரத்தைக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினாள்.

"குடிக்கலன்னு மட்டும் சொல்லாத. அளவும் தப்பலன்னு சொல்லி அணை" என்றாள்.

மாமா கையை நீட்டினார். சுடரின்மேல் வந்ததும் கை நின்றுவிட்டது.

"குடிக்கல கெங்கு. எட்டு மூடி ஊத்தினேன். எட்டுதான்..." என்னைத் திரும்பிப் பார்த்தார். "மச்சான், நீ கூடத்தான இருந்த? எட்டுதான?"

"நான் ஓஸ் இழுத்துக்கினு இருந்தேன் மாமா. கவனிக்கல."

"பொய் சத்தியம் பண்ணிப்பூடாத, புள்ளைங்க இருக்குது" என்றாள் அக்கா. இப்போது அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

பத்து நாளாக ஊர் சொன்னது மாமாவுக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். கையை இழுத்து மடக்கிக்கொண்டார். "எனக்கே தெரியல கெங்கு. தப்பிருக்கும்போல. நாந்தான்போல."

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. அக்கா எங்கள் இருவரையும் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மாமா என் தோளில் கைவைத்தார். "எனக்கோசரம் நீயும் பொய் சொல்லாம இருந்தியே மச்சான், அதுவே போதும்" என்றார்.

திண்டிவனம் பஸ் வந்தது. அக்கா முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, முந்தானையைப் பக்கத்து இடத்தில் விரித்துப் போட்டாள். மாமா படிவரைக்கும் போனார். கம்பியைப் பிடித்தபடி, அந்த இடம் தனக்குத்தானா, ஏறலாமா என்று கேட்பதுபோல் ஜன்னல் வழியாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் ஊதினார்.